தமிழ்த் தொகுப்பைக் கிராமிக்கு அனுப்பலாமா?

வணக்கம் தம்பி. திருகோணமலையில் பதிவுசெய்த ஆறு தமிழ்ப் பாட்டு, மொத்தம் 22 நிமிடம். அமெரிக்காவின் இசை விருதான கிராமிக்கு அனுப்பலாமோ, எங்கட ஆக்களுக்கு அங்க நியாயம் கிடைக்குமோ என்று கேட்டிருந்தீங்கள்.

தகுதி இருக்கு. வெவ்வேறான ஐந்து பாட்டும் 15 நிமிடமும் இருந்தால் தொகுப்பாக ஏற்பார்கள். பெரும்பகுதி புதுப் பதிவாக இருக்க வேணும். கனபேர் தவறவிடுவது ஒன்று: அமெரிக்காவிலும் வெளியாகியிருக்க வேணும். இணைய விநியோகத்தில் நாடுகளைத் தெரிவு செய்யும்போது அதை விட்டால் அதோடு சரி. யூடியூப்பில் மட்டும் போட்டதும் போதாது. நீங்களாக நேரே அனுப்ப ஏலாது. கிராமியை வழங்கும் ரெக்கோர்டிங் அகாடமியின் உறுப்பினரோ அங்கு பதிவான நிறுவனமோதான் அனுப்பலாம். உறுப்பினர் ஒருவரை முதலில் தேடுங்கோ.

நியாயம் என்று கேட்டால், முழுசாக இல்லை. உங்கட தொகுப்பு பெரும்பாலும் 'உலக இசை' என்ற பிரிவுக்குத்தான் போகும். 2020 இல் அதன் ஆங்கிலப் பெயரை 'வேர்ல்ட்' இலிருந்து 'குளோபல்' என்று மாற்றினார்கள், ஆனால் மாலியும் பிரேசிலும் தமிழும் இன்னும் ஒரே பெட்டிக்குள்தான். லத்தீன் இசைக்கு 2000 இலிருந்து தனி விழாவே இருக்கு. ஆப்பிரிக்க இசைக்கு 2024 இல் ஒரு பிரிவு வந்தது. தெற்காசியாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வாக்களிப்பவர்கள் அகாடமி உறுப்பினர்கள். அவர்களில் தமிழ் விளங்காதவர்கள்தான் அதிகம். ஆனபடியால் பாட்டு வரிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பையும், பறையோ உடுக்கோ வாசித்தவர்களின் பெயர்களையும் விநியோகத்துக்குக் கொடுக்கும் பாட்டு விபரங்களில் இப்பவே சரியாகப் போடுங்கோ.