களைப் புதருக்கு அதன் நோயைக் கொண்டுவந்து விடலாமா? கேள்வி பதில்

வேறு கண்டத்திலிருந்து வந்து காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடிவிடும் புதர்களை, அவற்றுக்கு நோய் தரும் பூஞ்சைகளைக் கொண்டே அடக்குவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. தாவர நோயியல் என் துறை. ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

மேடம், பூஞ்சை நோய் என்றால் மருந்தடித்து விரட்டுவதுதான் எங்களுக்குத் தெரியும். அதை நாமே கொண்டுவந்து விடுவதில் என்ன லாபம்?

ஒரு புதர் பிறந்த மண்ணில் இருக்கும்போது இலையில் துரு நோய், தண்டில் கழலை, வேரில் அழுகல், கூடவே பூச்சிகள் என்று ஏதாவது ஒன்று அதை அரித்துக்கொண்டே இருக்கும். அழகுக்காகவோ வேலிக்காகவோ யாரோ அதன் விதையை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுபோகும்போது இந்த எதிரிகள் கூடப் போவதில்லை. புது இடத்தில் அதைத் தடுக்க ஆளே இல்லை. அப்படி விட்டுப்போன எதிரியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் இந்த முறை.

மடகாஸ்கரின் ரப்பர் கொடியைப் பாருங்கள். பெயர்தான் கொடி, தனியாக நின்றால் புதராக வளரும், பக்கத்தில் மரம் இருந்தால் உச்சிவரை ஏறி மூடிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆற்றங்கரைகளைப் பிடித்துக்கொண்டது. மடகாஸ்கரிலிருந்து கொண்டுபோன மரவாலியா என்ற துருப்பூஞ்சையை, அதாவது துரு நோய் தரும் பூஞ்சையை, 1995-ல் அங்கே விட்டார்கள். இலையின் அடியில் மஞ்சள் தூள் பூத்தது, இலைகள் காலத்துக்கு முன்பே கொட்டின, காய்ப்பு குறைந்தது, நாற்றுகள் செத்தன. நிழல் போன இடத்தில் வெயில் விழுந்து புல் வந்தது. புல் வந்ததால் கட்டுப்படுத்திய தீ வைத்து மிச்சக் கொடியையும் ஒடுக்க முடிந்தது. பூஞ்சை தானாகச் செய்ததைவிட, மற்ற முறைகளுக்கு அது திறந்துவிட்ட வழியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எத்தனை நாளில் புதர் சாகும்?

நாள் கணக்கில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அகேசியா சலிக்னா என்று ஒரு புதர்மரம். மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. மணல்மேடுகளை நிலைநிறுத்துவதற்காக 19-ம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அது கட்டுமீறியபின், அதே மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து யூரோமிக்ளாடியம் என்ற துருவை 1987-ல் வரவழைத்தார்கள். இந்தத் துரு கிளைகளில் உருண்டை உருண்டையாகக் கழலை உண்டாக்கும். மரத்தின் சத்தை அந்தக் கழலை இழுத்துக்கொள்வதால் கிளைகள் காயும்; வறட்சியும் சேர்ந்தால் மரமே போய்விடும். சுமார் 15 ஆண்டுகள் கண்காணித்த இடங்களில் மரங்களின் அடர்த்தி 87 முதல் 98 விழுக்காடு வரை குறைந்திருந்தது.

பிரமாதமான எண்தான். ஆனாலும் பல ஆண்டுகள் உதிர்ந்த விதை மண்ணுக்குள் அப்படியே கிடக்கிறது. காட்டுத்தீக்குப் பிறகு கூட்டமாக முளைக்கிறது. அதனால் விதையைத் தின்னும் கூன்வண்டு ஒன்றையும் பின்னால் சேர்த்தார்கள். பூஞ்சை எதையும் பூண்டோடு ஒழிக்காது. புதர் குறையக் குறைய அதுவும் குறையும். இரண்டும் தாழ்ந்த அளவில் சேர்ந்தே நிலைக்கும்.

அக்கா, நேராகவே கேட்கிறேன். அந்தப் பூஞ்சை நாளைக்குப் பயிருக்குத் தாவாது என்று எப்படி நம்புவது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நம்பிக்கையின் பேரில் யாரும் விடுவதில்லை, சோதித்த பிறகுதான் விடுகிறார்கள்.

துருப்பூஞ்சைகள் உயிருள்ள திசுவில் மட்டுமே வாழக்கூடியவை. செடியைக் கொன்று தின்பதில்லை. உயிரோடு வைத்துச் சத்தை உறிஞ்சும். அதற்கு அந்தச் செடியின் தற்காப்பைத் துல்லியமாக ஏமாற்றத் தெரிந்திருக்க வேண்டும். பல்லாயிரம் ஆண்டுகள் ஒரே செடியோடு மோதிப் பழகிய பூஞ்சைக்கு அந்தத் திறமை வேறு செடியிடம் பெரும்பாலும் பலிக்காது. அப்படிப்பட்ட குறுகிய பசி உள்ளவற்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சோதனைக்கு வாப்ஷியர் என்ற ஆய்வாளர் 1974-ல் வகுத்துக் கொடுத்த ஒழுங்கு இன்றும் அடிப்படை. முதலில் அந்தக் களையின் மிக நெருங்கிய உறவுச் செடிகள், அப்புறம் அதே குடும்பத்தில் தூரத்து உறவுகள், அப்புறம் மற்ற குடும்பங்கள், கூடவே முக்கியப் பயிர்கள் என்று வட்டத்தை விரித்துக்கொண்டே போவது. காற்றுகூட வடிகட்டி வெளியேறும் தனிமைக் கூடத்தில், நோய்க்கு மிகச் சாதகமான ஈரமும் குளிர்ச்சியும் கொடுத்து, ஒவ்வொரு செடியின் மேலும் பூஞ்சையின் வித்துகளை, அதாவது அது பரவ உதவும் நுண்துகள்களை, தூவுவார்கள். வெளியில் ஒருபோதும் வாய்க்காத அளவு சாதகமான சூழல் அது. அங்கேயும் பற்றாத செடியை வயலில் பற்றுவது மிக அரிது.

ரப்பர் கொடிக்கான துரு இந்தச் சோதனையில் ஆஸ்திரேலியாவின் சொந்தச் செடி ஒன்றிலும் ஓரளவு பற்றியது. அதை மறைக்கவில்லை; கொடியால் ஏற்கெனவே நடக்கும் அழிவையும் இந்த ஆபத்தையும் எடைபோட்டுத்தான் அனுமதித்தார்கள். முறையாகச் சோதித்தபின் வெளியே விட்ட நோய்ப்பூஞ்சைகளால் எதிர்பாராத பெருஞ்சேதம் எதுவும் இதுவரை பதிவாகவில்லை. இதை உறுதியோடு சொல்கிறேன். ஆனால் ஒருமுறை விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பதும் அதே அளவு உறுதி. சோதனைக்குப் பல ஆண்டுகள் ஆவதைக் குறை சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

பல செடிகளைத் தாக்கும் பூஞ்சையாக இருந்தால் பல களைகளை ஒன்றாகத் தீர்க்கலாமே?

வேண்டவே வேண்டாம். மிர்ட்டில் துரு அப்படிப் பல செடிகளைத் தாக்கும் பூஞ்சை, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. யாரும் விடாமல் தானாக 2005-ல் ஹவாய்க்கு வந்து சேர்ந்தது. அங்கே களையாகிவிட்ட ரோஸ் ஆப்பிள் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் காயவைத்தது. ஆனால் அருகிவரும் உள்நாட்டுச் செடி ஒன்றையும் தாக்கியது. 2010-ல் ஆஸ்திரேலியாவுக்குள் வந்து, நாவல் குடும்பத்து உள்நாட்டு மரங்கள் பலவற்றைப் பிடித்து, சிலவற்றை அழிவின் விளிம்புக்கே தள்ளிவிட்டது.

உண்ணிச்செடிக்கு ஏதாவது பூஞ்சை உண்டா சார்? எங்கே பார்த்தாலும் அதுதான். (சார் இல்லை, மேடம். பரவாயில்லை.)

உண்டு, ஆனால் சிக்கலோடு. பசி குறுகியதாக இருப்பது நமக்குப் பாதுகாப்பு என்றேன். தலைவலியும் அதுவேதான்.

உண்ணிச்செடி (லாண்டானா) இயற்கையில் உண்டான ஒரே இனம் அல்ல. தோட்டக்காரர்கள் பல இனங்களைக் கலந்து உருவாக்கிய கலப்புகளின் கும்பல். பிரேசிலில் கிடைத்த புரோஸ்போடியம் என்ற துருவை 2001-ல் ஆஸ்திரேலியாவில் விட்டார்கள். அது இளஞ்சிவப்புப் பூ வகையை மட்டும் தாக்கும். பக்கத்திலேயே ஆரஞ்சுப் பூ வகை நிற்கும், ஒரு புள்ளிகூட விழாது.

இது புதிய பாடமும் இல்லை. 1971-ல் ஆஸ்திரேலிய கோதுமை வயல்களில் எலும்புக்கூட்டுக் களைக்கு எதிராக விட்ட துருதான், வேறு கண்டத்திலிருந்து கொண்டுவந்து திட்டமிட்டு விட்ட நோய்ப்பூஞ்சைகளில் முன்னோடி. அந்தக் களையின் குறுகிய இலை வகையை அது அபாரமாக அடக்கியது. பிறகு அந்த இடத்தைத் துருவுக்கு அசையாத மற்ற இலை வகைகள் பிடித்துக்கொண்டன. ஆகவே உண்ணிச்செடி விஷயத்தில் முதல் வேலை, நம் முன் நிற்கும் வகை எந்தத் தாய்ச்செடிகளிலிருந்து வந்தது என்று மரபணு பார்த்துத் தெரிந்துகொள்வது. அதற்குப் பிறகுதான் அந்தத் தாய்ச்செடிகளின் ஊரில் பூஞ்சை தேட வேண்டும்.

நோய் வந்த இலைகளை அரைத்துக் கரைத்து மற்ற புதர்கள் மேல் தெளித்தால்?

தயவுசெய்து செய்யாதீர்கள். அரைத்தால் துருவின் வித்து கெட்டுப்போகலாம். கெடாவிட்டாலும், இலை மணிக்கணக்கில் நனைந்திருந்தால்தான் முளைக்கும். அதைவிட முக்கியம், அந்த இலையில் இருப்பது என்ன நோய் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பயிர் நோயைச் சேர்த்துத் தெளித்துவிடுவீர்கள்.

ஆஸ்திரேலியாவில் பிளாக்பெர்ரிப் புதருக்கான துரு அனுமதி இல்லாமலே உள்ளே வந்திருந்தது 1984-ல் தெரியவந்தது. சோதித்துத் தேர்ந்த வகை 1991-ல்தான் வந்தது. பழத்துக்காக அதன் உறவுச் செடிகளை வளர்ப்பவர்கள் இருக்கும் நாட்டில், அவர்களைக் கேட்காமல் யாரோ எடுத்த முடிவு, அந்த முதல் வரவு.

கடையில் வாங்கித் தெளிக்கும் மருந்தாக இது வராதா?

வந்திருக்கிறது. இது வேறு வழி: அந்த நிலத்திலேயே ஏற்கெனவே இருக்கும் பூஞ்சையைப் பெருக்கி, வேண்டிய இடத்தில் அதிக அளவில் கொடுப்பது. துருக்களைச் செயற்கை ஊடகத்தில் பெருக்குவது மிகக் கடினம் என்பதால் அவை இதற்கு ஒத்துவராது.

நெதர்லாந்தின் காடுகளில் பரவிய அமெரிக்கக் கறுப்புச் செர்ரிக்குக் காண்ட்ரோஸ்டீரியம் என்ற மரப்பூஞ்சையைப் பயன்படுத்தினார்கள். புதரை வெட்டி, அடிக்கட்டையில் பூசிவிட்டால் மறுபடி துளிர்க்காது. அதே பூஞ்சை பிளம் மரங்களுக்கு வெள்ளியிலை நோய் தரும் என்பதால், பழத்தோட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பயன்படுத்தலாம் என்று கணக்கிட்ட பிறகே அனுமதி. ஆஸ்திரேலியாவில் முள்புதரான பார்கின்சோனியாவுக்கு மூன்று பூஞ்சைகள் அடங்கிய மாத்திரை உண்டு. தண்டில் துளையிட்டு, உள்ளே வைத்து அடைத்துவிடுவார்கள். அந்த மூன்றில் ஒன்று பல பயிர்களுக்குக் கரி அழுகல் தரும் இனம். காற்றில் தெளிக்காமல் மரத்துக்குள் அடைத்து வைப்பது எனக்குச் சரியான யோசனையாகத் தெரிகிறது.

டீச்சர், புதர் போன இடத்தில் இன்னொரு களைதானே வரும்?

பல இடங்களில் அப்படி நடக்கிறது. அதனால் பூஞ்சையை விடும்போதே அங்கே என்ன வளர வேண்டும் என்றும் திட்டம் வேண்டும். ஆனால் எப்போதும் அப்படியே ஆகும் என்றும் இல்லை. மெக்சிகோவின் மிஸ்ட் பூச்செடி ஒரு தாழ்வான புதர். ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்து 1975-ல் ஹவாயில் விட்ட, வெண்கரிப்பூட்டை என்ற நோய் தரும் பூஞ்சை அதை ஒடுக்கியது. 1998-ல் அதே பூஞ்சை நியூசிலாந்துக்குப் போனது. அங்கே கண்காணித்த இடங்களில் மிஸ்ட் பூச்செடி மூடியிருந்த பரப்பு 81 விழுக்காட்டிலிருந்து 1.5-க்கு இறங்கியது. அது இறங்க இறங்க உள்நாட்டுச் செடிகளின் வகையும் பரப்பும் கூடின. மற்ற அயல் களைகள் அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.