மீன்கொத்திப் படத்துக்கு என்ன சொல்வது?

வணக்கம். புகைப்பட கிளப் போட்டிக்கு முதன்முறையாக நடுவராகப் போகிறீர்கள். இயற்கைப் பிரிவில் ஒரு மீன்கொத்திப் படத்தில் குறுக்கே இருந்த கிளையை அழித்திருப்பார்களோ என்று சந்தேகம், எடுத்தவர் புதியவர், எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கிளப் விதியைப் பாருங்கள். ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), பி.எஸ்.ஏ. (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்) ஆகியவற்றின் இயற்கைப் பட வரையறையைப் பின்பற்றினால் கிளையை அழிக்கக் கூடாது. கிராப் செய்யலாம், சென்சார் தூசியையும் நாய்ஸையும் (படத்தில் தெரியும் மணல்மணலான புள்ளிகள்) நீக்கலாம். சந்தேகம் இருந்தால் அமைப்பாளர் மூலம் ரா ஃபைலை (கேமரா பதிவு செய்த, திருத்தப்படாத மூலக் கோப்பு) தனியாகக் கேட்டு வாங்குங்கள். சபையில் கேட்க வேண்டாம், பாவம், கூனிக்குறுகிப் போவார்.

அப்புறம் விமர்சனம். கண்ணில் பட்டதை அப்படியே சொல்லுங்கள். "அலகில் மீன், கண்ணில் ஒளிப்புள்ளி, இரண்டும் கூர்மையாக இருக்கின்றன. வலது மூலையில் வெளுத்த வானம் மட்டும் கண்ணை இழுக்கிறது. இரண்டடி நகர்ந்திருந்தால் பின்னால் புதர் வந்திருக்கும்." இதைக் கேட்டால் அடுத்த ஞாயிறே அவர் நகர்ந்து பார்ப்பார். வெறுமனே "கம்போசிஷன் சரியில்லை" என்றால் வீட்டுக்குப் போய் எதைத் திருத்துவார்? என் முதல் படத்துக்கு ஒரு நடுவர் அப்படித்தான் சொன்னார். ஆறு மாதம் கேமராவைத் தொடவே மனம் வரவில்லை.