வெளிநாட்டில் இருக்கும்போது அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் (கிழக்கத்தியக் கிறிஸ்தவ மரபு) தேவாலயங்களுக்குப் போனால், சொந்தச் சபையை விட்டு வந்த ஏக்கம் தீருமா?

தீராது என்றுதான் சொல்வேன். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வேலை என்னைச் சில மாதம் ஒரு நாடு, அப்புறம் இன்னொரு நாடு என்று அலையவைக்கிறது. எங்கே இறங்கினாலும் பக்கத்தில் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருக்கிறதா என்று முதலில் தேடிவிடுவேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வழிபாடு உங்களுக்கு அந்நியமாக இருக்காது. கிரேக்கம், பல்கேரியா, ருமேனியா, ஜார்ஜியா எங்கே போனாலும் பெரும்பாலான ஞாயிறுகளில் நடப்பது புனித யோவான் கிறிசோஸ்தோமின் பெயரில் வழங்கும் அதே திருவழிபாடுதான். மொழி ஒரு சொல் புரியாவிட்டாலும், நற்செய்தி நூலை ஏந்தி வருகிறார்கள், இப்போது கேருபீன்களின் பாடல், அடுத்து விசுவாசப் பிரமாணம் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. ஞாயிறு உயிர்ப்புப் பாடல்கள் எட்டு இசைமுறைகளில் வாரத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரும். இந்தச் சுற்று ஈஸ்டரை வைத்துக் கணக்கிடப்படுவதால், சில சபைகள் பழைய ஜூலியன் நாள்காட்டியையும் சில புதிய நாள்காட்டியையும் பின்பற்றும் வித்தியாசம் இதைத் தொடுவதில்லை. ஆக உங்கள் சபையில் இந்த வாரம் ஆறாவது முறை என்றால், கிட்டத்தட்ட எல்லா ஆர்த்தடாக்ஸ் நாடுகளிலும் ஆறாவதுதான். மெட்டு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரில் ஒருவர் பாட, மற்றவர்கள் ஒற்றைச் சுரத்தைக் கீழே பிடித்துக்கொண்டே இருப்பார்கள். ஜார்ஜியாவின் திபிலீசியில் மூன்று குரல்கள் மூன்று வழியில் போய்ச் சேரும். பல்கேரியத் தலைநகர் சோபியாவின் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பேராலயத்தில் பெரிய பாடகர் குழு.

இவ்வளவு இருந்தும் ஏன் ஏங்குகிறோம்? எங்கள் சபை சின்னது. சொந்தக் கட்டடம் கிடையாது, வாடகைக் கூடம்தான். பாட்டு சில வாரம் சுருதி விலகும். ஆனால் யார் எந்த மூலையில் நிற்பார், யார் தாமதமாக வந்து பின்கதவைச் சத்தமில்லாமல் திறக்கப் பார்ப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் ஒரு வாரம் வரவில்லையென்றால் மதியத்துக்குள் யாராவது அழைப்பார்கள். வெளிநாட்டில் எவ்வளவு அழகான ஆலயத்தில் நின்றாலும் நான் வராததை அங்கே ஒருவரும் கவனிக்கப்போவதில்லை. எனக்கு வலித்தது அதுதான். தூபமும் மெழுகுவர்த்தியும் பாட்டும் அதைத் தொடவே இல்லை.

அதனால் என் முதல் யோசனை, ஏக்கமாக இருக்கிற ஞாயிறுகளில் பெரிய, புகழ்பெற்ற ஆலயங்களைத் தவிர்த்துவிடுங்கள். தெசலோனிக்கியின் புனித தெமெத்ரியுஸ் ஆலயம் அற்புதமானது. 1917 தீவிபத்தில் எரிந்து, திரும்பக் கட்டி, 1949இல் மறுபடி திறந்தார்கள். புனிதரின் திருப்பண்டங்கள் (உடல் எச்சங்கள்) அங்கே இருக்கின்றன, பீடத்துக்குக் கீழே நிலவறை. வார நாளில் மாலை நேரம் போய் நிதானமாக நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், தங்கியிருக்கும் தெருவுக்கு அருகில், சுற்றுலாப் பயணி யாரும் எட்டிப்பார்க்காத சாதாரணப் பங்கு ஆலயத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் அதே இடத்துக்குத்தான். வாரம் ஒரு ஆலயம் என்று சுற்றினால் நல்ல புகைப்படங்கள் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

தெசலோனிக்கியில் நான் அப்படித்தான் செய்தேன். கிரேக்க ஆலயங்களில் சுவரோரமாக உயரமான கைப்பிடி வைத்த மர இருக்கைகள் இருக்கும். வயதானவர்கள் ஆளுக்கொன்றை ஏறக்குறைய சொந்தமாகவே வைத்திருப்பார்கள். நான் பின்னால் ஒரு தூணருகே நிற்பேன். ஆரம்பத்தில் சிரிப்போடு சரி. பிறகு ஒரு ஞாயிறு அலுவலகப் பயணத்தால் போக முடியவில்லை. அடுத்த வாரம் அந்த இருக்கைக்காரர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், வாசலில் நிறுத்தி அரைகுறை ஆங்கிலத்தில், "போன வாரம் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். கொஞ்சம் கண்டிப்போடுதான் கேட்டார். அன்று முழுக்க நான் நல்ல மனநிலையில் இருந்தேன்.

பெயர்ச் சீட்டையும் மறக்காதீர்கள். மெழுகுவர்த்தி விற்கும் மேசையிலேயே, உயிரோடு இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் பெயர் எழுதிக் கொடுக்கலாம்; குருவானவர் காணிக்கை அப்பத்தை ஆயத்தம் செய்யும்போது அவற்றை வாசிப்பார். ருமேனியாவில் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கே உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு இடம், இறந்தவர்களுக்கு வேறு இடம். நான் சபையில் இருப்பவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிவிடுவேன், சண்டை போட்டவர்களையும் சேர்த்து. எழுதி முடிக்கும்போது பாதி ஏக்கம் வேலையாக மாறியிருக்கும்.

நாள்காட்டிதான் சில சமயம் காலை வாரிவிடும். பின்லாந்து ஆர்த்தடாக்ஸ் சபை ஈஸ்டரை மேற்கத்தியத் தேதியில் கொண்டாடுகிறது. மற்ற ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. 2024இல் நான் ஹெல்சிங்கியில் இருந்தேன். அங்கே மார்ச் 31 ஈஸ்டர். உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் நள்ளிரவில் எல்லாரும் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று பாடுகிறார்கள். எங்கள் சபைக்கோ அது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பின் இரண்டாம் ஞாயிறுதான். காலையில் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்ல ஆளில்லை. சொன்னால் சிரிப்பார்கள். எங்கே நிற்கிறோம் என்றே தெரியாத மாதிரி இருந்தது. சபையில் ஈஸ்டர் மே 5 அன்று வந்தது. ஆனால் ஈஸ்டர் பாடலை விண்ணேற்றத் திருநாள் நெருங்கும்வரை பாடுவது வழக்கம், ஹெல்சிங்கியில் விண்ணேற்றம் மே 9. அதனால் மே 5 அன்று அவர்களும் அதே பாடலைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டு அதைப் பாடும் கடைசி ஞாயிறு, எங்கள் ஆட்களுக்கு முதல் நாள். அன்றைக்கு நான் கூச்சமில்லாமல் கத்திப் பாடினேன்.

நற்கருணை விஷயத்தில் மட்டும் எதையும் ஊகிக்காதீர்கள். ஆர்த்தடாக்ஸ் என்ற பெயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. காப்டிக், ஆர்மீனிய, எத்தியோப்பிய, சிரிய, மலங்கரை சபைகள் கி.பி. 451இல் நடந்த கால்செதோன் சங்கத்தை ஏற்காதவை. அவற்றுக்கும் கிரேக்க, ருமேனிய, ரஷ்ய சபைகளுக்கும் நற்கருணை ஒன்றிப்பு இல்லை, அதாவது ஒரு குடும்பத்தார் மற்றதில் நற்கருணை வாங்குவது பொதுவாக வழக்கமில்லை. ஒரே குடும்பத்துக்குள்ளும் சிக்கல் வரலாம்: உக்ரைன் சபை யாருக்குக் கீழ் என்ற விவகாரத்தில் 2018இல் மாஸ்கோ சபைத் தலைமை கான்ஸ்டாண்டிநோபிள் சபைத் தலைமையுடன் உறவை முறித்துக்கொண்டது. ரஷ்ய மரபு ஆலயங்களில் நற்கருணைக்கு முன் பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள், கிரேக்க ஆலயங்களில் அந்தக் கட்டாயம் குறைவு. கிளம்புவதற்கு முன் உங்கள் குருவானவரிடம் கேளுங்கள். போன இடத்தில் சனிக்கிழமை மாலை வழிபாட்டுக்குப் போய் அங்குள்ள குருவானவரிடமும் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை கூட்டம் குறைவு, பேச நேரம் இருக்கும். நற்கருணை வாங்க முடியாவிட்டாலும் முடிவில் கொடுக்கும் ஆசீர்வதித்த அப்பத்தைப் பல இடங்களில் விருந்தாளிக்கும் தருவார்கள்.

உடை பற்றி ஒரு வரி: ஜார்ஜியாவிலும் ரஷ்ய ஆலயங்களிலும் பெண்கள் முக்காடு போடுவார்கள், பல இடங்களில் வாசலிலேயே துணி வைத்திருப்பார்கள். கிரேக்கத்தில் பெரும்பாலும் போடுவதில்லை.

கடைசியாக, சொந்தச் சபை வழிபாட்டைக் கைபேசியில் நேரலையாகப் பார்ப்பது பற்றி. நோயாளிக்கு அது வரப்பிரசாதம். பக்கத்துத் தெருவில் ஆலயம் இருக்கும்போது அறையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது எனக்குச் சரிப்படவில்லை; ஏக்கம் இன்னும் கூடியது. வழிபாடு முடிந்த பிறகு அங்கே யாரையாவது அழைத்து, இன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்பது அதைவிட எவ்வளவோ மேல்.