60,000 ரூபாய்க்குள் முதல் கேமிங் கணினி: பிராசசரைக் குறையுங்கள்

வணக்கம் நண்பரே. 60,000 ரூபாய்க்குள் 1080பி (1920x1080) திரைத் தெளிவில் விளையாட ரைசன் 7 5700எக்ஸ் பிராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, ஒற்றை 16 ஜிபி ரேம் என்று எழுதியிருக்கிறீர்கள். காசு பிராசசரில் போய் முடங்குகிறது. ரைசன் 5 5600 தாராளமாகப் போதும். 6 கோர் (கணக்கிடும் பகுதிகள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), பிராசசரைக் குளிர்விக்கும் கூலரும் பெட்டியிலேயே வரும். 5700எக்ஸுக்குக் கூலரைத் தனியாக வாங்க வேண்டும். மிச்சத்தை ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். 1650-இல் 4 ஜிபி நினைவகம்தான், இதில் 8. ரேமை இரண்டு 8 ஜிபி-யாக வாங்குங்கள், டூயல் சேனல் கிடைக்கும், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் தரவைக் கடத்தும்.

கேபினட்டோடு மலிவாக வரும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மட்டும் வேண்டவே வேண்டாம். என்னிடம் இருந்தது போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) என்ற மின்திறன் சான்றுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் எடுங்கள். அப்புறம், 5600-இல் உள் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் ஒயரை கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும்.