மேடையில் ஒரு நடிப்பு, திரையில் வேறு நடிப்பா?

நாடகமும் எழுதி, மேடையிலும் திரையிலும் நடிக்கும் ஒருவர் ஏன் இரண்டு விதமாக நடிக்கிறார் என்பதே கேள்வி. நாடகாசிரியர் என்பவர் மேடைக்கான பேச்சையும் அசைவையும் எழுதுபவர். நடிப்பு மாறுவதற்குக் காரணம் தூரம்தான். 1953இல் திறக்கப்பட்ட கொழும்பு லயனல் வென்ட் அரங்கின் கடைசி வரிசைக்கு நடிகையின் இமை தெரியாது; ஆகவே கலக்கத்தைத் தோளாலும் மூச்சாலும் காட்டுகிறார். கமராவோ முகத்தருகே வந்து நிற்கிறது. இமை துடித்தாலே போதும். புறக்கோட்டையில் மாம்பழம் கூவி விற்பவர் அதே குரலில் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசினால் எப்படியிருக்கும்!

தானே எழுதியவருக்கு இன்னொரு வசதி, எனக்குப் பிடித்ததும் அதுதான்: வாயில் சிக்கும் வசனத்தை ஒத்திகையிலேயே வெட்டிவிடலாம்.

மேடை நடிப்பென்றால் கத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். தேர்ந்த நடிகை முணுமுணுத்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்.