இப்போதே ஆர்.என். படிப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா?

கேள்வி: சிங்கப்பூரில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் நர்சிங் முடித்துவிட்டு, ஒன்றரை ஆண்டாக மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் என்ரோல்ட் நர்சாக இருக்கிறேன். ஆர்.என். (பதிவுபெற்ற தாதி) என்ற அடுத்த நிலைக்குப் போக நர்சிங் டிப்ளோமா படிக்க வேண்டும். வயது 23. "புத்தக வாசனை போவதற்குள் டிப்ளோமாவை முடி" என்கிறார் அம்மா. "இன்னும் இரண்டு வருஷம் கை பழகட்டும்" என்கிறார் வார்டில் ஒரு மூத்த தாதி. அடுத்த ஆண்டு பிடிஓ வீட்டுக்கு (அரசு கட்டித் தரும் புது வீடு) விண்ணப்பிக்க நானும் வருங்காலக் கணவரும் நினைத்திருக்கிறோம். எப்போது போனால் சரி? (ஈசூன் வாசகி)

பதில்: அம்மா சொல்வதும் மூத்த தாதி சொல்வதும் ஆண்டுக் கணக்கு. அதை ஓரமாக வையுங்கள். ஐந்து வருஷம் வார்டில் இருந்தும் பேராமீட்டர் (ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு போன்றவை) எடுத்துப் பதிவதோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு வருஷத்திலேயே ஸ்டாஃப் நர்ஸ் (வார்டில் பொறுப்பிலுள்ள ஆர்.என்.) மாதிரி யோசிக்கத் தொடங்குகிறவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை அடுத்த நைட் ஷிஃப்டிலேயே பார்த்துவிடலாம்.

விடிகாலை மூன்று மணி. எட்டாம் படுக்கைத் தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் 92/54 காட்டுகிறது. மாலையில் 128 இருந்தது. ஸ்டாஃப் நர்சிடம் போய் என்ன சொல்வீர்கள்? "பிபி லோ" என்று மட்டுமா? அல்லது கைப்பட்டையைச் சரிபார்த்து இன்னொரு முறை எடுத்துவிட்டு, "கை சில்லென்று இருக்கிறது, கூப்பிட்டால் பதில் மந்தமாக வருகிறது, நள்ளிரவிலிருந்து சிறுநீர் பையில் அதிகம் இறங்கவில்லை, ராத்திரி பிபி மாத்திரை கொடுத்திருக்கிறது" என்றா? இரண்டாவது விதமாகச் சொல்ல வருகிறதென்றால், டாக்டர் போனில் கேட்கப்போகும் கேள்விகள் உங்களுக்கு முன்கூட்டியே தெரிகின்றன. உங்கள் கை போதுமான அளவு பழகிவிட்டது. அதற்கு மேலும் காத்திருந்தால் கை பழகுமே தவிர, பொறுப்பு வராது. நோயாளியின் நிலையை முழுதாக மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் வகுப்பது ஆர்.என். வேலை, என்ரோல்ட் நர்ஸ் அவருடைய மேற்பார்வையில்தான் இயங்க முடியும்.

முதல் விதமாகத்தான் வருகிறதா? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னும் ஓராண்டு இருங்கள். ஆனால் சும்மா இருக்காதீர்கள்; ஒவ்வொரு முறையும் "ஏன் இந்த மருந்தை நிறுத்தினார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

படிப்பு பற்றிய பயத்துக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், மணிக்கு எவ்வளவு? (125 மில்லிலிட்டர்.) குப்பியில் 10 மில்லிலிட்டரில் ஒரு கிராம் மருந்து, 750 மில்லிகிராம் வேண்டும், எவ்வளவு எடுப்பீர்கள்? (7.5 மில்லிலிட்டர்.) கால்குலேட்டரைத் தேடினீர்கள் என்றால் மருந்துக் கணக்கையும் உடற்கூற்றியலையும் இப்போதே புரட்டத் தொடங்குங்கள். டிப்ளோமாவில் பலர் தடுமாறுவது செய்முறையில் அல்ல. இந்த இரண்டிலும், ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டுரைகளிலும்தான். இந்த விஷயத்தில் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் நர்சிங் டிப்ளோமா மூன்று ஆண்டு. உங்கள் மதிப்பெண்ணுக்கு நேரே இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா என்று கல்லூரியிலேயே கேளுங்கள். ஓராண்டுச் சம்பளம் மிச்சமாகிற கேள்வி அது.

இனி பணம். மருத்துவமனை உதவிச் சம்பளத்தோடு அனுப்பினால், படிப்பு முடிந்ததும் இத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்வதாக ஒப்பந்தம் கேட்கும். ஒப்பந்தம் தப்பில்லை. கையெழுத்துப் போடும் முன் சிலவற்றை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு செமஸ்டர் தேறாவிட்டால் கட்டணம் யார் தலையில்? பேறுகால விடுப்பு ஒப்பந்தக் காலத்தை நீட்டுமா? இடையில் விலகினால் வட்டி உண்டா? படிக்கும் காலம் பணிக்காலமாகக் கணக்கில் வருமா? 2024இல் அறிவிக்கப்பட்ட ஏஞ்சல் திட்டத்தின்படி பொதுத்துறைத் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை தவணையாகக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அதனால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். மேம்படுத்தப்பட்ட மசேநி (மத்திய சேம நிதி) வீட்டு மானியத்துக்கு, தம்பதியரில் ஒருவராவது விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். வருங்காலக் கணவர் அப்படி வேலையில் இருந்தால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். உங்கள் வருமானம் குறைந்தால் மானியம் கூடலாம், கிடைக்கும் வீட்டுக்கடன் குறையும். முழுநேரம் படிக்கும் இளம் தம்பதியருக்கு வருமான மதிப்பீட்டைத் தள்ளிப்போடும் ஏற்பாட்டையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வைத்திருக்கிறது. இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து, படிக்கப் போனால் எவ்வளவு, போகாவிட்டால் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் பாருங்கள். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால்!

இந்தியாவில் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளோமா) அல்லது பிஎஸ்சி நர்சிங் முடித்துவிட்டு இங்கே என்ரோல்ட் நர்சாக இருப்பவர்களும் இதைக் கேட்பதுண்டு. அவர்கள் டிப்ளோமாவை மறுபடி தொடங்கும் முன், ஆர்.என். பதிவுக்கு வேலையிடம் வழியாகச் சிங்கப்பூர் நர்சிங் போர்டுக்கு விண்ணப்பித்து உரிமத் தேர்வு எழுத முடியுமா என்று பார்க்க வேண்டும்.

உங்களைப் பொறுத்தவரை, எட்டாம் படுக்கைத் தாத்தாவிடம் தேறிவிட்டீர்கள் என்றால் வரும் சேர்க்கைக்கே விண்ணப்பியுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மருத்துவமனையின் உள் ஒப்புதலுக்கும் மாதக்கணக்கில் பிடிக்கும் என்பதால் நர்ஸ் மேனேஜரிடம் இந்த மாதமே பேச்சைத் தொடங்குங்கள். அந்த மூத்த தாதியிடம் பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். "கை பழகட்டும்" என்று சொன்னவர் எழுதித் தந்தால் அதற்குத் தனி எடை.