ஒரே மாதிரி தெரியும் மரப்பாசிகள்: கேள்வி பதில்

கேள்வி: மரத்தில் பச்சையாக ஒட்டியிருப்பதையெல்லாம் பாசி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இதில் மாஸ் எது என்று முதலில் எப்படிப் பிரிப்பது?

பதில்: பட்டையில் பச்சைப் பொடி தடவியதுபோல் மட்டும் இருந்தால் அது ஆல்கா. சாம்பல் பூத்த நிறத்தில் தகடாகவோ தாடியாகவோ இருந்தால் பெரும்பாலும் லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிரி. தண்டும் இலையும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் மாஸ் அல்லது அதைப் போன்ற பூக்காத சிறு செடியான லிவர்வோர்ட். இந்த இரண்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

மரத்தில் அதிகம் ஏமாற்றுவது ஃப்ருல்லானியா என்ற லிவர்வோர்ட். பட்டையோடு அப்பிய செம்பழுப்புக் கொடி, தூரத்திலிருந்து பார்த்தால் மாஸ் என்றே சத்தியம் செய்வீர்கள். ஒரு கிளையைக் கிள்ளித் திருப்பி, அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். தண்டின் இரு பக்கமும் குட்டி ஹெல்மெட்டைக் கவிழ்த்ததுபோல் பைகள் வரிசையாக இருக்கும். எந்த மாஸிலும் இது கிடையாது. இலையில் நடுநரம்பு தெரிந்தால் லிவர்வோர்ட் இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நரம்பு இல்லாத மாஸும் உண்டு. அதனால் நரம்பு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: ஸ்பானிஷ் மாஸ்?

பதில்: மாஸே இல்லை. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் செடி.

கேள்வி: ஆர்த்தோட்ரைக்கம், உலோட்டா என்ற மாஸ் பேரினங்கள் இரண்டும் மரத்தில் சின்னச் சின்ன உருண்டைக் கொத்துகளாகத்தான் வளர்கின்றன. படத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றனவே?

பதில்: நனைந்திருக்கும்போது படம் எடுத்திருப்பீர்கள். நனைந்தால் இரண்டிலும் இலை விரிந்துவிடும், வித்தியாசம் போய்விடும். காய்ந்த கொத்தைப் பாருங்கள். உலோட்டா இலைகள் காய்ந்தால் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். ஆர்த்தோட்ரைக்கத்தில் இலைகள் நேராகவே தண்டோடு ஒட்டிப் படுத்துவிடும். ஆர்த்தோட்ரைக்கம் புல்கெல்லம் போல லேசாகச் சுருளும் விதிவிலக்கும் உண்டு. அதில் கேப்சூலின் (விதை போன்ற ஸ்போர் தூள் இருக்கும் சிறு பை) வாயைச் சுற்றியுள்ள பற்கள் ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும், அங்கே பிடித்துவிடலாம்.

புதிதாக வருகிறவர்கள் கையில் தண்ணீர் ஸ்பிரேயோடு போய் முதல் வேலையாக நனைத்துவிடுகிறார்கள். படம் அழகாக வரும், சரி. ஆனால் காய்ந்த நிலையில் ஒரு படம், பிறகு நனைத்து ஒரு படம் என்று இரண்டும் வேண்டும்.

கேள்வி: உலோட்டா என்பது வரை வந்துவிட்டேன். இனம் கிரிஸ்பாவா புரூக்கியா என்பதில் நிற்கிறேன். கொத்தில் புது கேப்சூல்கள் நிறைய இருக்கின்றன.

பதில்: புதியவற்றை விடுங்கள், பழையதைத் தேடுங்கள். ஸ்போர் கொட்டித் தீர்ந்து, காய்ந்து, பழுப்பாக நிற்கும் கேப்சூல்தான் உங்களுக்குப் பதில் சொல்லும். புரூக்கியில் அது நடுவில் பருத்து, மேலே போகப் போக ஒடுங்கிச் சிறிய வாயில் முடியும். கிரிஸ்பாவில் வாய்க்குச் சற்றுக் கீழே இடுக்கிப் பிடித்ததுபோல் ஒடுங்கும், வாய் அகலமாக இருக்கும். பச்சைக் கேப்சூலில் இந்த வடிவம் இன்னும் வந்திருக்காது.

இன்னொன்று. முன்பு கிரிஸ்பா என்ற ஒரே பெயரில் இருந்ததை இப்போது கிரிஸ்பா, கிரிஸ்புலா, இன்டர்மீடியா என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பழைய நூலை வைத்துப் பெயர் சொன்னால், 'கிரிஸ்பா, விரிந்த பொருளில்' என்று குறித்துவிடுங்கள்.

கேள்வி: ஆர்த்தோட்ரைக்கம் அஃபைன் என்று எழுதினேன், லூயின்ஸ்கியா அஃபினிஸ் என்று திருத்தினார்கள். எது சரி?

பதில்: இரண்டும் ஒரே செடிதான். 2016-இல் ஆர்த்தோட்ரைக்கத்தைப் பிரித்து எழுதினார்கள், அதில் வந்த பெயர் லூயின்ஸ்கியா. பிரிவினைக்கு முக்கிய அடையாளம் கேப்சூல் சுவரில் உள்ள இலைத்துளைகள், அதாவது காற்று வந்துபோகும் நுண்துளைகள். லூயின்ஸ்கியாவில் துளையின் காப்புச் செல்கள் சுவரின் மேற்பரப்பிலேயே வெளிப்படையாகத் தெரியும். இப்போது ஆர்த்தோட்ரைக்கம் என்று மிச்சமிருப்பவற்றில் அவை உள்ளே அமிழ்ந்து, பக்கத்துச் செல்கள் மேலே வந்து மூடியிருக்கும்.

கைலென்ஸில் இது தெரியாது, மைக்ராஸ்கோப் வேண்டும். கேப்சூலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஸ்போர்களை ஊசியால் தள்ளிக் கழுவிவிட்டு, வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி ஒரு சொட்டுத் தண்ணீரில் வையுங்கள். ஸ்போரைக் கழுவாமல் வைத்தால் பச்சையைத் தவிர எதுவும் தெரியாது.

கேள்வி: கேப்சூலே இல்லாத கொத்து என்றால் விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள். கேப்சூல் அரிதாக வரும் இனங்களில் பல, கெம்மாக்களால், அதாவது உதிர்ந்து புதுச் செடியாக வளரும் சிறு துணுக்குகளால், பெருகுகின்றன. அவை இலையில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். உலோட்டா ஃபில்லாந்தாவில் இலை நுனியில் பழுப்புக் கொத்தாக இருக்கும். புல்விஜெரா லையெல்லியில் இலைப்பரப்பு முழுக்கப் பழுப்புத்தூள் தூவியதுபோல் இருக்கும். சின்ட்ரிக்கியா பாப்பிலோசாவில் நடுநரம்பின் மேலேயே பச்சை உருண்டைகள் உட்கார்ந்திருக்கும், பார்க்க அத்தனை அழகு. அதன் உறவான லாட்டிஃபோலியாவில் நரம்பை விட்டு இலைப்பரப்பிலும் பரவியிருக்கும்.

கெம்மாவும் இல்லை என்றால் பேரினப் பெயரோடு நிறுத்துங்கள். தப்பான இனப்பெயரைவிட 'ஆர்த்தோட்ரைக்கம் வகை' என்ற குறிப்பு எவ்வளவோ மேல்.

கேள்வி: மரத்தைப் போர்த்திப் படரும் ஹிப்னம் என்ற மாஸில் குப்ரெஸ்ஸிஃபார்மி, ஆண்டோய் இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: இலையை வைத்து வாதாடினால் விடியாது. கேப்சூலின் மூடியைப் பாருங்கள். குப்ரெஸ்ஸிஃபார்மியில் மூடி அலகு போல நீண்டிருக்கும், ஆண்டோயில் சின்ன முகிழ் மட்டுமே. மூடி விழுந்துவிட்டால் அந்தத் தடயமும் போச்சு. இலைகள் வளையாமல் ஏறக்குறைய நேராக மேல்நோக்கி நின்றால் ரெசுபினாட்டம் என்ற இன்னொரு ஹிப்னமாக இருக்கலாம்.

கேள்வி: ஹோமாலியா, நெக்கெரா காம்ப்ளனாட்டா என்ற மாஸ்களை எப்படிப் பிரிப்பது? இரண்டும் தட்டையாக, பளபளவென்று.

பதில்: ஒரு இலையைப் பிய்த்து வெளிச்சத்துக்கு எதிரே லென்ஸில் பாருங்கள். பாதி இலையைத் தாண்டி ஒற்றை நரம்பு ஓடினால் ஹோமாலியா. நரம்பு இல்லாமலோ, அடியில் மிகக் குட்டையாகவோ இருந்து, வட்ட நுனியில் சின்னக் கூர் இருந்தால் நெக்கெரா.

கேள்வி: எந்த மரம் என்று குறித்து வைப்பதால் பயன் உண்டா? மரத்துக்கு இவற்றால் கெடுதலா?

பதில்: கண்டிப்பாகக் குறியுங்கள். பைன், பிர்ச் போன்றவற்றின் அமிலப் பட்டையில் வருவது ஒரு கூட்டம், எல்டர், மேப்பிள் போன்ற அமிலம் குறைந்த பட்டையில் வருவது வேறு கூட்டம். ஆனால் அது துப்பு மட்டுமே, தீர்ப்பு இல்லை. மரத்துக்குக் கெடுதல் இல்லை. மாஸுக்கு வேர் கிடையாது, வேரிகள் என்ற மெல்லிய இழைகளால் பட்டையைப் பற்றிக்கொள்கிறதே தவிர மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை.

கேள்வி: எடுத்த மாதிரியை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். காகித உறையில் போட்டு, நிழலில் தானாகக் காயவிடுங்கள். மரம், உயரம், இடம், தேதி நான்கையும் உறையின் மேலேயே எழுதுங்கள். உள்ளே தனிச் சீட்டாகப் போட்டால் தொலைந்துபோகும். கட்டைவிரல் நகம் அளவு போதும், கொத்தையே பெயர்த்துக்கொண்டு வராதீர்கள். பல வருடம் கழித்து எடுத்தாலும் தண்ணீரில் ஊறினால் இலை மறுபடி விரியும். ரொம்பப் பழையதாக இருந்தால் வெந்நீர் ஊற்றுங்கள்.